ஆயக்குடியில் நின்ற இன்ஜின்

காட்டாமணக்கில் டீசல் எடுக்கலாம் என்று எங்கும் பேச்சு அடிபட்ட காலம் அது. திண்டுக்கல்லில் ஆராய்ச்சி மாணவனாக இருந்த நான், புங்க எண்ணெயையும் மெத்தனாலையும் வாழைத்தண்டுச் சாம்பலோடு காய்ச்சி டீசல் தயாரித்துக்கொண்டிருந்தேன். சாம்பலில் ஈரம் இருந்தால் டீசலோடு சோப்பும் உண்டாகிவிடும். ஒருமுறை அவசரத்தில் ஈரச் சாம்பலையே போட்டுவிட்டேன். டீசல் கலங்கலாக வந்தது. தெரிந்தேதான் அதை ஆயக்குடிக்கு எடுத்துப்போனேன்.

அங்கே கொய்யாத் தோப்பு வைத்திருந்த ஒருவர், சோதித்துப் பார்க்கத் தன் கிணற்று இன்ஜினைத் தந்தார். கொஞ்ச நேரம் தண்ணீர் இறைத்த இன்ஜின், திணறி நின்றுவிட்டது. அவர் மெக்கானிக்கைக் கூப்பிடப் போயிருந்தபோது ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தேன். வெள்ளைப் பசையாகச் சோப்பு அடைத்திருந்தது. அதைக் கைக்குட்டையில் துடைத்து, பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

திரும்பி வந்தவர் சொன்னார்: "பழைய இன்ஜினுங்க தம்பி. உங்க வேலையக் கெடுத்துப்போட்டனுங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

ஃபில்டரைத் திரும்ப மாட்டினேன். கிளம்பும்போது ஒரு பை நிறையக் கொய்யாப்பழம் கொடுத்தார். அதையும் வாங்கிக்கொண்டேன்.

பொய் எதுவும் சொல்லவில்லையே என்று திண்டுக்கல் வரும்வரை எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அறைக்கு வந்ததும் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்துக் கசக்கினேன். சோப்பு போடாமலே அது நுரைத்தது.