செசிலியாவின் புரியாத தாள்

கண்டியில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் செசிலியா பத்தொன்பது வருடமாக எழுதுவினைஞர். சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. ஆனாலும் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்தது. தலதா மாளிகைக்கு முன்னால் குண்டு வெடித்த அந்த வருடம், சந்தேகப்பட அந்த ஒரு சொல்லே போதுமாயிருந்தது.

தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்துச் சனமெல்லாம் இடம்பெயர்ந்தபோது அவளுடைய தம்பி அருள்நேசன் காணாமற்போனான். இணையத்தில் செய்திக்குழுக்கள் உண்டு, உலகம் முழுக்கப் பரந்துகிடக்கும் சனம் அங்கே எழுதிக்கொள்கிறது என்று சொன்னது பஹ்மி. தொலைபேசியும் இணையமும் வைத்திருந்த கொமியூனிகேஷன் கடைக்காரர். குழுக்களை வாசிக்கிற மென்பொருளைத் திறந்து அவளுக்குக் காட்டியும் கொடுத்தார். தம்பியின் பெயரைச் சிவப்பில், தடித்த எழுத்தில் போட்டு அனுப்பினாள். அது பல பேருடைய திரையில் குறியும் கோடுமாக விழுந்ததாம். அலங்காரம் வேண்டாம், வெறும் எழுத்தில் போடு என்று இரண்டு பேர் ஏசி எழுதினார்கள். வெட்கத்தோடு மறுபடி போட்டாள்.

மூன்றாம் வெள்ளி மதியம் பதில் வந்திருந்தது. பஹ்மி கடையைப் பையன் ஒருவனிடம் விட்டு ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார். திரையில் தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. ஏதோ சிக்குப்பிடித்த எழுத்துகள். நடுவில் ‘அருள்நேசன்’ மட்டும் ஆங்கில எழுத்தில். சாப்பாட்டு நேரம் முடிகிறதே என்று அதை அச்செடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டாள்.

குட்ஷெட் பஸ் நிலையத்தருகே பொலிஸார் பையைத் திறந்தார்கள். சார்ஜன்ட் தாளை நெடுநேரம் பார்த்தார். இது என்ன இரகசிய மொழி என்று கேட்டார். அவள் சொன்ன விளக்கம் அவளுக்கே பொய் போலக் கேட்டது. கடைசியில், அந்தக் கடையைக் காட்டு என்று அவளை ஜீப்பில் ஏற்றினார்.

ஜும்ஆ முடிந்து வந்திருந்த பஹ்மி தாளைப் பார்த்ததும் விளங்கிக்கொண்டார்.

“பயப்படாதீங்க மிஸ். அனுப்பினவங்கட தமிழ் ஃபொண்ட் இந்தக் கம்பியூட்டர்ல இல்ல. அத ஏத்தினா தமிழ் வந்துரும்.”

வராமலே போகட்டும் என்று ஒரு கணம் அவள் நினைத்தாள். வன்னியில் இருக்கிறான் என்று எழுதியிருந்தால்? புலிகள் இயக்கத்தில் சேர்ந்துவிட்டான் என்றிருந்தால்? சார்ஜன்ட் கதிரையை இழுத்துப் பஹ்மியின் தோளருகே போட்டு உட்கார்ந்தார்.

திரையில் எழுத்துகள் தமிழாகின. பஹ்மி வாய்க்குள்ளே வாசித்தார். முதலில் சார்ஜன்டின் காதோடு சிங்களத்தில் சொன்னார். பிறகு அவளிடம் திரும்பினார்.

“உங்கட தம்பி இந்தியாவுல ஈக்கிறாராம் மிஸ். மண்டபம் அகதி கேம்ப்ல. கால்ல காயமாம், உசிருக்கு ஒண்டுமில்லியாம்.”

“உண்மையா அப்பிடித்தான் கிடக்கோ, பஹ்மி?”

அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். அப்படியே இருந்தது. அவள் அழவில்லை; சார்ஜன்ட் முகத்தைத்தான் பார்த்தாள். அவர் அவளுடைய விலாசத்தைக் குறித்துக்கொண்டு, தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்து, எழும்பிப் போனார்.

அதன்பிறகு இரண்டு தடவை அஸ்கிரியவிலுள்ள அவளுடைய அறைக்குப் பொலிஸ் வந்தது. நாலு மாதம் கழித்துத் தம்பியின் கடிதம் வந்தது. வந்து பார்த்துவிட்டுப் போ அக்கா என்று எழுதியிருந்தான். கடவுச்சீட்டுப் படிவத்தை வாங்கி நிரப்பினாள். பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில், தம்பியைப் பார்க்க என்று எழுதினால் பொலிஸ் மறுபடி வரும் என்ற நினைப்பில் பேனை நின்றுவிட்டது. படிவம் அலுமாரிக்குள் போனது.