மைதாதான் நூறு

என் அக்கா ஒரு பெரிய பேக்கரியில் ரொட்டி மாவு பிசைபவள். பத்தொன்பது வருடப் பழக்கம். அவளுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த இரண்டு பேர் தேர்வெழுதி, அவளுக்கே மேற்பார்வையாளர்களாகிவிட்டார்கள். அக்கா மட்டும் இரண்டு முறையும் சதவீதக் கணக்கில் மண்ணைக் கவ்வினாள். நாற்பது வயதுக்கு மேல் எழுத விடமாட்டார்கள். இதுதான் கடைசி வாய்ப்பு.

நான் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். முதல் நாளே தலை சுற்றியது.

"அம்பது கிலோ மைதா, முப்பது கிலோ தண்ணி. கலவையில தண்ணி எத்தனை சதவீதம்?"

"அறுபது."

"எப்படிக்கா? மொத்தம் எம்பது கிலோ. அதுல முப்பதுன்னா முப்பத்தேழரை."

"போடி. மைதாதான் நூறு. மத்ததெல்லாம் அதை வச்சுத்தான். முப்பத்தேழரைன்னு தண்ணி ஊத்துனா ரொட்டி வராது, செங்கல்தான் வரும்."

ரொட்டிக்காரர்கள் வழக்கம் அப்படியாம். மைதாவை நூறு என்று வைத்து, தண்ணீர் அறுபது, உப்பு இரண்டு என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். கூட்டினால் நூறைத் தாண்டும், ஒருவருக்கும் கவலையில்லை. எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. "பேக்கரிக் கணக்கைப் பேக்கரியிலேயே விட்டுட்டு வா!" என்று ஒரு மாதம் தொண்டை வற்றக் கத்தினேன். அவளும் பூம்பூம் மாடுபோலத் தலையாட்டினாள்.

தேர்வன்று வாசலில் காத்திருந்தேன். முதலில் வெளியே வந்தவர் அலுத்துக்கொண்டார். "நாலு ஆலையோட உற்பத்தியாம். சதவீதத்துல நூறு, நூத்தி இருபது, எம்பது, இருநூறுன்னு போட்டிருக்கான். அச்சுப்பிழைதான். அந்த அட்டவணையில அஞ்சு கேள்வி, அஞ்சையும் விட்டுட்டேன்."

அக்கா என்ன செய்தாளோ என்று எட்டிப் பார்த்தேன். அதற்குள் அக்கா ஓடி வந்தாள்.

"அடியே, முதல் ஆலைதாண்டி மைதா! அதை நூறுன்னு வச்சு மத்ததை அளந்திருக்காங்க. நாலையும் கூட்டுனா ஐநூறு. அதுல ரெண்டாவது ஆலை நூத்தி இருபது. அப்ப மொத்தத்துல அதோட பங்கு இருபத்திநாலு சதவீதம். சரியா? சொல்லுடி!"

மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். சரி! அங்கேயே குதித்தேன்.

முடிவு வந்தது. தேர்ச்சிக்கு முப்பது மதிப்பெண் வேண்டும், அக்கா முப்பத்திரண்டு. அந்த அட்டவணையின் ஐந்து மதிப்பெண் மட்டும் இல்லையென்றால் இருபத்தேழு. என் பேச்சைக் கேட்டிருந்தால் அவள் கதி என்ன? வெட்கமாக இருந்தது. "மன்னிச்சிடுக்கா" என்று ஆரம்பித்தேன்.

அவள் எங்கே கேட்டாள்! "பாஸுடி! நான் பாஸுடி!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தி, என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிச் சுற்றினாள். மைதா மூட்டை தூக்கிய கை. எனக்கு விலா இரண்டு நாள் வலித்தது.