கதகதப்பான கை

தொண்ணூறுகளில், நியூஜெர்சியில் ஒரு டிசம்பர். மகளுடைய கல்லூரி அணி ஃபுட்பால் ஃபைனலுக்கு வந்திருந்தது. இடைவேளையில் மைதானத்தில் கல்லூரி பேண்டோடு டிரம்பெட் வாசிக்கப்போவது அவள். "ஃபைனலைப் போய் இந்தப் பனியில எவனாவது வைப்பானா?" என்று வழியெல்லாம் கத்தினேன். மங்கி குல்லா போட்டும் குளிர் தாங்கவில்லை. ஆட்டம் தொடங்கியதும் நைசாக நழுவி, காரில் ஹீட்டர் போட்டுக்கொண்டு ரேடியோவில் கமெண்ட்ரி கேட்டேன்.

முடிந்ததும் ஒன்றும் தெரியாதவன்போல் வாசலில் நின்றேன். குளிரில் ஊதி ஊதி உதடு வெடித்து ரத்தம் கசிய மகள் ஓடிவந்தாள்.

"அப்பா, என் சோலோ பாத்தியா?"

"பிரமாதம் கண்ணு!"

சந்தோஷத்தில் என் கையைப் பிடித்தாள். அவள் விரல்கள் விறைத்திருந்தன. என் கை கதகதவென்று இருந்தது. அதையே பார்த்தாள். மெல்ல விட்டுவிட்டாள்.

குளிரில் ஃபைனல் வைக்கலாமா, கூடாதா என்று நண்பர்கள் இன்றும் சண்டை போடுவார்கள். நான் மட்டும் வாயைத் திறப்பதில்லை.