உறவுச் சொல் மறக்காது

இறங்க வேண்டிய இடம் போய் இரண்டு நிறுத்தம் ஆகிவிட்டது. பேராசிரியர் இன்னும் எழுந்திருக்கவில்லை. முன் இருக்கையில் இரண்டு பெண்கள் நாத்தனாரைத் திட்டிக்கொண்டு வருகிறார்கள். வசவில் ஒரு சொல் புதிது. அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்ட பிறகுதான் இறங்கித் திரும்பி நடப்பார். மாணவர்கள் வைத்த பெயர் 'அப்புறம் மேடம்'. யார் பேச்சை நிறுத்தினாலும், "அப்புறம்?" என்பார்.

சொற்கள் நூற்றாண்டுகளில் எப்படி மாறுகின்றன, மூளையில் எப்படித் தங்குகின்றன என்பதே முப்பது வருஷப் பிழைப்பு. மாதம் ஒரு ஞாயிறு நூலகத்தில் பொதுமக்களிடம் பேசுவார். "குப்பைன்னா ஒரு காலத்துல வெறும் குவியல்தாங்க. பாவம், அழுக்கையெல்லாம் நாமதான் அது தலையில கொட்டினோம்." கூட்டம் சிரிக்கும், அவர் சிரிக்க மாட்டார்.

பக்கவாதத்தில் பேச்சிழந்த நாற்பது பேரைப் பார்த்து அவர் எழுதிய புத்தகம் நன்றாக விற்றது. அதில் ஒரு வரியைப் பலரும் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்: 'எல்லாச் சொல்லும் போன பிறகும் உறவுச் சொல் மறக்காது.'

போன வருஷம் அவருடைய அக்காவுக்கே பக்கவாதம் வந்தது. ஜன்னல், தண்ணீர், சாவி எல்லாம் ஒவ்வொன்றாக நாக்குக்குத் திரும்பின. பேராசிரியர் கட்டிலருகே உட்கார்ந்து, "நான் உனக்கு யாருக்கா?" என்று கேட்டார். அக்காவுக்கு ஆள் தெரிந்தது. பேராசிரியரின் கன்னத்தைத் தடவினார். "நீ... என்... என்..." அதற்குமேல் வரவில்லை. நான்கு மாதம் கேட்டும் 'தங்கச்சி' வரவே இல்லை.

"ஒரு ஆளை வச்சு நாற்பது பேரைத் தள்ளிடுவீங்களா மேடம்? அடுத்த பதிப்புல ஒரு அடிக்குறிப்பு போட்டா போச்சு" என்றார் துறைத்தலைவர்.

"'மறக்காது'ன்னு அடிச்சுச் சொல்லிட்டேன் சார். அதை நம்பி எத்தனை பேர் அவங்கவங்க அம்மா முன்னாடி காத்துக்கிட்டு உட்கார்ந்தாங்களோ."

அடுத்த ஞாயிறு நூலகத்தில் அக்காவைப் பற்றிச் சொன்னார். "நான் எழுதினது தப்பு. உங்க வீட்டுல யாருக்காவது அந்தச் சொல் வராம போயிருந்தா, பாசம் போச்சுன்னு நினைச்சுடாதீங்க." யாரும் கைதட்டவில்லை. பின்வரிசையில் ஒருவர் மட்டும், "எங்க அப்பாவும் அப்படித்தாங்க போனாரு" என்றார்.

கூட்டம் கலைந்ததும் ஒரு பெண்மணி புத்தகத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். பேராசிரியர் முதல் பக்கத்தை விட்டுவிட்டு நடுவே புரட்டி, அந்த 'மறக்காது' வரியில் பேனாவை வைத்தார்.

"ஐயோ மேடம், எனக்குப் பிடிச்ச வரியே அதுதான்."

"எனக்கும்தாம்மா" என்றார். பேனாவால் அந்த வரியின்மேல் நிதானமாக ஒரு கோடு இழுத்துவிட்டு, ஓரத்தில் கையெழுத்திட்டார்.