சத்தம் குறைத்துப் பார்த்த கடைசி நாள்

நேற்று என் மகள் ஏதோ தொடரின் கடைசிப் பகுதியைப் பார்த்துவிட்டு, "இப்படியா முடிப்பாங்க?" என்று வீடே அதிரக் கத்தினாள். நான் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினேன். "ஏம்மா?" என்றாள். மூக்கில் மண்ணெண்ணெய் வாடை அடித்தது.

ஆஸ்டின் டவுனில் ஸ்டெல்லா அக்கா வீட்டு ஸ்டவ் வாடை அது. இரண்டாயிரத்தையொட்டிய வருஷம். வேலைக்குச் சேர்ந்த புதிது. மாடியில் அவருக்குப் பக்கத்து அறையில் குடியிருந்தேன். தமிழர்-கன்னடர் தகராறில் ஊரில் பதற்றம். தமிழ் காதில் விழுந்தாலே முறைத்தார்கள். ஆபீசுக்கு லீவு. பல ஏரியாக்களில் கேபிளில் தமிழ்ச் சேனல்களை நிறுத்திவிட்டார்கள். எங்கள் தெருவில் எப்படியோ வந்துகொண்டிருந்தது. அன்று மத்தியானம், அக்கா மூன்று வருஷமாகப் பார்த்த சீரியலின் கடைசி நாள். விடுவாரா?

கதவைத் தாழிட்டு, சத்தத்தைக் குறைத்து, டிவியை ஒட்டி உட்கார்ந்தோம். அடித்துத் துரத்திய புருஷன்மேல் கேஸ் போட்டு, தனியாக மெஸ் நடத்தி நிமிர்ந்தவள் கதாநாயகி. கடைசியில் அவன் காதோரம் ஏதோ சொன்னதும், பெட்டியோடு அவன் பின்னாலேயே போய்விட்டாள். சுபம்.

"அடிப்பாவி! எழுதினவன செருப்பால அடிக்கணும்! இதுக்கா மூணு வருஷம் அழுதேன்?"

கத்தி முடித்த பிறகுதான், தமிழில் கத்திவிட்டோம் என்று அக்காவுக்கு உறைத்தது. மாடிப்படியில் காலடிச் சத்தம். டிவியை அணைத்தார். வீராங்கனையான நான் கட்டிலுக்கு அடியில் இடம் தேடினேன். அரிசி டின் இருந்தது. கதவைத் தட்டினார்கள்.

கீழ்வீட்டு ஓனர் லலிதம்மா. கன்னடக்காரர். உள்ளே வந்து தாழ் போட்டார்.

"அவன் அவ காதுல என்னா சொன்னான்?" என்றார் கிசுகிசுப்பாக. வெளியே கேட்டுவிடுமென்று அவர் கீழே அதே சீரியலைச் சத்தமே வைக்காமல் பார்த்திருக்கிறார்.

"'அம்மா உனக்காகக் காத்திருக்காங்க'ன்னான்" என்றார் அக்கா.

"அஷ்டேனா? அவ்ளோதானா? தூ!" சட்டென்று அவர் முகம் மாறியது. "மெல்ல பேசும்மா. முனையில ஆளுங்க நிக்கறாங்க. எந்த வீட்ல தமிழ்க்காரங்கன்னு எங்கிட்ட கேட்டாங்க. யாரும் இல்லன்னுட்டேன்."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த வாரமே குடும்பத்தோடு கிருஷ்ணகிரிக்குக் கிளம்பினார். "பத்து நாள்ல வந்துடறேன்டி" என்றார். ஊர் அடங்கியது. அவர் வரவில்லை. பின்னாளில் லலிதம்மா காலமாகிவிட்டார். இப்போது அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அப்படி வாய்விட்டுக் கத்திய ஒரு பெண்குரலை, அங்கிருந்த மீதி வருஷங்களில் அந்தத் தெருவில் நான் கேட்கவேயில்லை.