காட்டேரிக் காதலனும் நிச்சயத் தட்டில் வந்த போனும்

நான் வேலை பார்க்கும் ஓட்டல் ஒரு காலத்தில் வீடு. காரைக்குடிப் பக்கம் இது அதிசயமில்லை. பெரிய வீடுகளில் பாதி பூட்டிக் கிடக்கின்றன, மீதியில் சில இப்படி ஓட்டலாகிவிட்டன. நான் ரிசப்ஷனில் உட்காருகிறவள். என் முதுகுக்குப் பின்னால் ஒரு மர அலமாரி. வெள்ளைக்காரர்கள் படித்து முடித்த புத்தகங்களை, பெட்டியில் இடமில்லாமல், அதில் வைத்துவிட்டுப் போவார்கள். பிரெஞ்சு, ஜெர்மன் புத்தகங்களை யாரும் தொடுவதில்லை. இங்கிலீஷ் புத்தகங்கள் என் கைப்பையில் ஏறி வீட்டுக்கு வந்துவிடும்.

அப்பா அம்மாவோடு வேண்டாவெறுப்பாகச் சுற்றுலா வரும் பதினாறு வயதுப் பெண்கள் விட்டுப்போவதெல்லாம் ஒரே ரகம். கறுப்பு அட்டை. அதில் தலைமுடி பறக்க, ரத்தசோகை பிடித்த மாதிரி ஒரு பெண். அவளுக்குப் பின்னால் முகம் தெரியாத ஒருவன். அம்மா அட்டையைப் பார்த்துவிட்டு, "இது பேய்ப் புஸ்தகமா, காதல் புஸ்தகமா?" என்று கேட்டாள். ரெண்டும்தான் என்றேன். "வெளங்கிரும்" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். அப்பாவுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. மாடுலர் கிச்சன் வேலைக்கு அளவெடுக்கப் போகும் வீடுகளில் எல்லாம், என் மகள் இங்கிலீஷ் புத்தகம் தலைகாணி தண்டிக்குப் படிக்கிறாள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கதை எல்லாவற்றிலும் ஒன்றுதான். கதாநாயகன் ரத்தக்காட்டேரி. வயது நானூறு, பார்க்கப் பதினெட்டு. நானூறு வருஷம் சாகாமல் இருக்கிறவன் என்ன செய்ய வேண்டும்? நாலு ஊரில் கடை போடலாம், நாற்பது பாஷை படிக்கலாம். இவன் பதினொன்றாம் வகுப்பில் சேருவான். முடித்ததும் வேறு ஊருக்குப் போய் மறுபடியும் பதினொன்றாம் வகுப்பில் சேருவான். நானூறு வருஷமாக ப்ளஸ் டூ தாண்டாதவனுக்கு எங்கள் தெருவில் யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். அங்கே என்னவென்றால் பள்ளிக்கூடமே அவனுக்காக ஏங்குகிறது.

அவன் குடியிருப்பது பாழடைந்த மாளிகையில். எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமா? ஆனால் இங்கே வந்து பார்க்கட்டும், தெரியும். ஒவ்வொரு வீட்டுக்கும் சென்னையிலும் கோலாலம்பூரிலும் பங்காளிகள் இருக்கிறார்கள். ஒருவர் சரி என்றால் இன்னொருவர் முடியாது என்பார். கடைசியில் காட்டேரி வாடகை வீடுதான் பார்க்க வேண்டும். ஹவுஸ் ஓனர் கதவைத் திறந்ததும் கேட்கும் முதல் கேள்வி, சைவமா அசைவமா என்பது. அதற்கு மேல் மே மாதத்தில் முழங்கால் வரைக்கும் கறுப்புக் கோட்டு வேறு. எங்கள் வெயிலில் ரத்தம் குடிப்பதை விட்டுவிட்டு சர்பத் கடை வாசலில் நின்றிருப்பான்.

கதாநாயகி அவனுக்கு மேல். நடந்தால் தடுக்கி விழுவாள். அதைத் தவிர அவளுக்கு வேறு திறமை கிடையாது. அவன் முதல் நாளே, "என் பக்கத்தில் வராதே, நான் ஆபத்தானவன்" என்று சொல்லிவிட்டு அவள் பெஞ்சிலேயே வந்து உட்காருவான். அப்புறம் அவள் போகும் இடமெல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பான். கேட்டால், நீ எங்கே இருக்கிறாய் என்று எனக்குள் தெரியும் என்பான். இரண்டு ஆன்மாக்களுக்கும் நடுவே ஏதோ கயிறு கட்டியிருக்கிறதாம். அந்த நண்பர்களோடு போகாதே, அந்தப் பக்கம் வேலைக்குப் போகாதே, எல்லாம் உன் நல்லதுக்குத்தான் என்பான். அவள் கண்ணீர் விட்டுக்கொண்டு, என்னை இப்படி யாரும் நேசித்ததில்லை என்பாள்.

இப்படி வரிக்கு வரி கிண்டல் செய்துகொண்டே ஒன்றுவிடாமல் படித்தேன். சிரித்துக்கொண்டு படித்தால் ஒன்றும் ஒட்டாது என்று ஒரு திமிர் எனக்கு.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானது அந்தச் சமயத்தில்தான். மாப்பிள்ளைக்குக் கீழச்சிவல்பட்டி. எங்களைப் போலவே தச்சு வேலைக் குடும்பம். அவர் மட்டும் சிங்கப்பூரில் கட்டடக் கம்பெனியில் சூப்பர்வைசர். நிச்சயத்துக்கு வந்திருந்தவர் கூச்சத்தோடு ரெண்டு வார்த்தை பேசினார், போட்டோவுக்கு நின்றார், அடுத்த வாரம் விமானம் ஏறிவிட்டார். பெண்ணுக்குப் போன் வாங்கிக் கொடுப்பது இப்போது எங்கள் பக்கம் நிச்சயத்தில் ஒரு சடங்காகிவிட்டது. பட்டுச்சேலை, பூ, பழம், அதற்கு நடுவில் தட்டில் ஒரு போன். இல்லையென்றால் மாப்பிள்ளை வீட்டுக்குக் கௌரவக் குறைச்சல். எனக்கு வந்தது சிங்கப்பூரிலேயே வாங்கியது. சொந்தக்காரப் பெண்கள் அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். பட்டுச்சேலையை ஒருத்தியும் கண்டுகொள்ளவில்லை.

"எல்லாம் நானே போட்டு வச்சிருக்கேன். நீ எதையும் மாத்தாத" என்று மாப்பிள்ளை சொன்னார். என்ன அக்கறை என்று நினைத்தேன்.

அப்புறம்தான் அந்த அதிசயம் ஆரம்பித்தது. கடைத்தெருவில் வளையல் பார்த்துக்கொண்டு நிற்பேன், மெசேஜ் வரும்: "கடைக்கா போயிருக்க?" எப்படித் தெரியும் என்று கேட்டால், "தோணுச்சு" என்பார். அம்மாவைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போன அன்றைக்கு, "ஆஸ்பத்திரியில என்ன? மனசு ஒரு மாதிரி இருந்துச்சு" என்று போன் வந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் கிரேனுக்குக் கீழே ஹெல்மெட்டோடு நிற்கிற ஒருவருக்கு என் அம்மாவின் பல்வலி தெரிகிறது! கயிறு, ஆன்மா என்று நான் கேலி செய்ததெல்லாம் உண்மையாக இருக்குமோ என்று நினைத்தேன். பி.ஏ. இங்கிலீஷ் லிட்டரேச்சர் படித்தவள் நினைத்தேன். சந்தோஷமாக வேறு இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஓட்டல் வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. "வர்றவன் போறவன் எல்லாம் பாக்குற எடம். கல்யாணத்துக்கு அப்பறம் வேணாம்" என்றார். கூட வேலை பார்க்கும் பெண்களோடு ஐஸ்கிரீம் கடைக்குப் போனால், வீடு வந்து சேர்வதற்குள் இரண்டு போன் வந்துவிடும். எனக்கு அந்த வேலை பிடிக்கும். நாலு ஊர் ஆட்களிடம் பேசலாம், சம்பளம் என் கைக்கு வரும். ஆனாலும் சரி சரி என்று தலையாட்டினேன். நான் ஏற்கெனவே வீட்டில் அடுக்கி வைத்திருந்த கதாநாயகிகள் எல்லாம் அப்படித்தானே ஆட்டினார்கள்.

ஒருநாள் காலை ஜெர்மனிக்கார வயசாளித் தம்பதி ஒன்று திருக்கோஷ்டியூர் கோயிலுக்குக் கிளம்பியது. தண்ணீர் பாட்டிலும் மேப்பும் கொடுக்க ஓட்டல் கார் வரைக்கும் போனவள், பேச்சு சுவாரசியத்தில் போனைப் பின் சீட்டில் வைத்துவிட்டேன். கார் போய்விட்டது. அன்றைக்கென்று ஒரு பஸ் கூட்டம் வந்து இறங்கியது. பாஸ்போர்ட் வாங்கி, சாவி கொடுத்து, போன் இல்லை என்பதே மத்தியானம்தான் உறைத்தது. காருக்குள் பத்திரமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால் அன்றைக்கு வேலை நிம்மதியாக நடந்தது.

சாயங்காலம் டிரைவர் அண்ணன் போனைக் கொண்டுவந்து கொடுத்தார். முகம் சரியில்லை. "காலையிலருந்து கத்திக்கிட்டே இருந்துச்சு தாயி. கோயில் வாசல்ல வச்சு, ஏதும் அவசரமோன்னு ஒருக்கா எடுத்தேன். யார்றா நீன்னு ஒரு ஆளு சத்தம் போட்டாரு. பயந்துபோயி வச்சுட்டேன்" என்றார்.

மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன்.

"திருக்கோஷ்டியூருக்கு எவன்கூடப் போன?"

"நான் எங்கயும் போகல. காலையிலருந்து ஓட்டல்லதான் இருக்கேன்."

"பொய் சொல்லாத. நீ திருக்கோஷ்டியூர்லதான் இருந்த. எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்னு சொல்றீக?"

"தோணுச்சு" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. அவருக்குள் இருந்த தெய்வ சக்தி என்னை அல்ல, கார் சீட்டில் கிடந்த போனைத்தான் இத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. சிரிப்பைக் கேட்டதும் அவர் போனை வைத்துவிட்டார். நான் செட்டிங்ஸைத் திறந்து பார்த்தேன். மாற்றாதே என்று அவர் சொன்ன இடத்தில் அவர் மெயில், அவர் பெயர். தொலைந்த போனைக் கண்டுபிடிக்கிற வசதி. ஆன்மக் கயிறு அங்கே ஒரு பொத்தானாக இருந்தது. அதற்கு மேல் சிரிப்பு வரவில்லை. உடம்பெல்லாம் கூசியது.

வீட்டுக்குப் போவதற்குள் அவர் என் அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அப்பா நடந்ததை முழுசாகக் கேட்டார். என்னை நம்பவும் செய்தார். நம்பியவர் சொன்ன யோசனைதான் என்னைக் கொன்றது. "ரிசப்ஷன்ல காமிரா இருக்குல்ல? மேனேஜர்கிட்ட கேட்டு இன்னைக்கு வீடியோவ எடுத்து மாப்பிள்ளைக்கு அனுப்பிருவோம். பிரச்சன முடிஞ்சுரும்."

ஒரு கண்ணிலிருந்து தப்பிக்க இன்னொரு கண்ணைக் காட்ட வேண்டுமாம். அனுப்ப மாட்டேன் என்றேன். இந்தக் கல்யாணமே வேண்டாம் என்றும் சொன்னேன். அம்மா அழ ஆரம்பித்தாள். தை மாதத்துக்கு மண்டபம் பேசியாகிவிட்டது. ஒருதடவை நின்றுபோனால் அடுத்து வருகிறவன் ஏன் நின்றது என்றுதான் முதலில் கேட்பான். "பாசத்துலதானடி பாத்திருக்கு அந்தப் புள்ள? பாசமில்லாதவன் எதுக்குப் பாக்கப் போறான்?" என்றாள். அப்பா, "எல்லாம் உன் நல்லதுக்குத்தான்" என்றார்.

இவர்கள் இரண்டு பேரும் அந்தப் புத்தகங்களில் ஒரு வரி படித்ததில்லை. வசனம் மட்டும் அட்சரம் பிசகாமல் வருகிறது. இவ்வளவு நாளும் இதையெல்லாம் வெள்ளைக்காரப் பெண்கள் உட்கார்ந்து எழுதுகிறார்கள் என்று நினைத்து ஏளனம் செய்துகொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா வந்தார். சொல்லாமல், தனியாக, பஸ்ஸில். கோபத்தோடு வருவார் என்று நாங்கள் பயந்தோம். அவர் கோபப்படவில்லை. ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த காபியைக் கையில் வைத்துக்கொண்டு, என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ஏன் தாயி வேணாங்குற? குடிக்க மாட்டான், சீட்டாட மாட்டான். ஒரு குறை உண்டா எம் மகன்ட்ட?"

"நம்பிக்கை இல்ல அத்தை."

"அட, அது ஆம்பளைக எல்லாம் அப்படித்தான். அவன் அப்பாவையே எடுத்துக்க. போன் கீனெல்லாம் இல்லாத காலத்துலயே, நான் எந்தக் கடையில நிக்கிறேன், யார்ட்டப் பேசுறேன்னு ஆள் விட்டுப் பாப்பாக. மொதல்ல அழுதேன். பெறகு பழகிருச்சு." இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. எனக்குத் தைரியம் சொல்லத்தான் சொன்னார்.

அந்தக் கதைகள் எல்லாம் பதினேழு வயதில் முடிந்துவிடும். அவன் அவளைக் கடிப்பான், அவளும் சாகா வரம் பெறுவாள், அத்தோடு சுபம். அதற்கப்புறம் அவள் என்ன ஆனாள் என்று எவளும் எழுதுவதில்லை. எங்கள் ஹால் நாற்காலியில் உட்கார்ந்து காபி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

நான் பதில் சொல்வதற்குள் அவருடைய கைப்பையில் இருந்த போன் அடித்தது. எடுத்துப் பெயரைப் பார்த்ததும் முதுகு நிமிர்ந்துவிட்டது. காபித் தம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

"ஆமாங்க. குன்றக்குடியிலதாங்க. கூட்டம் இன்னைக்கு. வரிசையில நிக்கிறேன்… இல்லைங்க, தனியாத்தான். சாமி கும்பிட்டுட்டு நேரா வந்துருவேன்."

குரலில் ஒரு பிசிறு இல்லை. நடுவில் யாருக்கோ வழி விடுகிற மாதிரி, "இங்குட்டுப் போங்கம்மா" என்று கூடச் சொன்னார். எங்கள் ஹாலில், மின்விசிறிக்குக் கீழே. போனை வைத்துவிட்டு, "கோயிலுக்குன்னா ஒண்ணும் சொல்ல மாட்டாக" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத் தம்ளரை எடுத்துக்கொண்டார்.

அம்மா அடுப்படி நிலைப்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போனாள். வரும்போது கையில் ஒரு தட்டு. வெற்றிலை, பாக்கு, பூ. நடுவில் என் போன். அப்பா எழுந்தார். அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"எம் மகளுக்கு இம்புட்டு சுத்தமாப் பொய் சொல்ல வராது மதினி" என்றாள். "அவ அங்க வந்து என்ன செய்வா?"

அத்தை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார், எழுந்து போவார் என்று காத்திருந்தேன். அவர் காபியை மிச்சம் வைக்காமல் குடித்து முடித்தார். போனை எடுத்துக் கைப்பையில் போட்டார், பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். நான் வாசல் வரைக்கும் கூடப் போனேன். செருப்பை மாட்டிக்கொண்டே, உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்காமல் என்னிடம் கேட்டார்.

"குன்றக்குடி பஸ்ஸு எங்குட்டு தாயி நிக்கும்? திருநீறு இல்லாமப் போனா கேப்பாக."