பக்கத்து வீட்டு நாக்கு

"புள்ள, கைய நீட்டு" என்று மருதமுத்து கரண்டியை வேலிக்கு மேலாகக் கொண்டுபோகிறார். அந்தப் பக்கம் ஹலீமா துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டு உள்ளங்கையை நீட்டுகிறார். இரண்டு சொட்டுச் சாறு விழுகிறது. நக்கிப் பார்த்ததும் ஹலீமாவின் மேலுதடு மூக்கை நோக்கிச் சுருளுகிறது.

"என்னா அண்ணே இது? காரம் இல்ல, புளி இல்ல, சப்புனு கெடக்கு. பேதி புடிச்சவங்களுக்கு ஆக்குனதா?"

மருதமுத்துவின் முகம் மலர்கிறது. "அப்பச் சரி" என்று சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவிடுகிறார்.

காஜா பெராங்கில் எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஞாயிற்றுக்கிழமைதோறும் நடக்கும் காட்சி இது. புதிதாக வருகிறவர்கள் திகைத்துப் போவார்கள். திட்டு வாங்கிச் சிரிக்கும் சமையற்காரரை உலகத்தில் வேறு எங்கே பார்ப்பது?

மருதமுத்து கிளேபாங் கடற்கரையில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் குக்கி. உலகச் சண்டைக்கு முன்னால் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போடும் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். உயிரோடு திரும்பினால் இனி மீன், கறி எதையும் வாயில் வைப்பதில்லை என்று செங் சன்னாசிமலை ஆண்டவருக்கு அங்கிருந்தே வேண்டிக்கொண்டார். கூடப் போன எத்தனையோ பேர் திரும்பவில்லை, இவர் திரும்பினார். அந்த நேர்த்திக்கடனைப் பற்றி யாரும் அவரிடம் கேலி பேசுவதில்லை, நானும் பேசமாட்டேன்.

ஆனால் ஆண்டவரின் விளையாட்டைப் பாருங்கள். திரும்பி வந்தவருக்குக் கிடைத்தது மீனும் இறாலும் மணக்கும் அடுப்படி வேலை! கையால் தொடலாம், நாவால் தொடக்கூடாது என்று தமக்கும் ஆண்டவருக்கும் இடையில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். பங்களாவில் முதல் ஆறு மாதம் துரைசாணி ருசி பார்த்துச் சொன்னாள். பிறகு அவளுக்குச் சலித்துவிட்டது. அப்போதுதான் பக்கத்து வீட்டு ரஹீமின் மனைவி ஹலீமாவின் நாக்கை மருதமுத்து கண்டுபிடித்தார். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை விருந்தை வீட்டுக் கொல்லையிலேயே ஆக்கி, தூக்குச்சட்டியில் பங்களாவுக்குக் கொண்டுபோவார்.

அவருடைய கணக்கு தலைகீழ்க் கணக்கு. ஹலீமாவின் உதடு சுருண்டால் துரைக்கு அது அமிர்தம். "பரவால்ல" என்றால் உப்பு ஒரு கல் கூடிவிட்டது, தண்ணீர் விடவேண்டும். ஒருமுறை "நல்லா இருக்கு அண்ணே" என்று ஹலீமா வாய்தவறிச் சொல்லிவிட்டார். மருதமுத்து சட்டியோடு கொண்டுபோய் வாழைமரத்தடியில் கொட்டினார். பார்த்தால் மிளகை இரண்டு தடவை போட்டிருக்கிறார். இந்தக் கணக்கை நம்பித்தான் பத்து வருஷமாகத் துரையின் வயிறு நிறைந்துகொண்டிருக்கிறது. இதெல்லாம் ஹலீமாவுக்கும் தெரியும். அவருக்குக் கோபமே வருவதில்லை. "என் மூஞ்சியப் பாத்துச் சோறு ஆக்குற ஒரே ஆளு நம்ம அண்ணந்தான்" என்று வீட்டுக்காரரிடம் பெருமை பேசுவார்.

மருதமுத்துவின் கைவரிசையில் முதலிடம் இறால் ஸ்பகட்டிக்கு. அதுவும் ஒரு வகை நூடுல்ஸ்தானே என்று ஹலீமா அதை 'துரை மீ' என்பார். அது செய்யும்போது மருதமுத்துவைப் பார்க்கவேண்டும். பூசைக்கு உட்கார்ந்தவர் மாதிரி ஆகிவிடுவார். கிளேபாங்கில் படகு கரையேறும்போதே போய் இறாலும் கணவாயும் ஒரு கைப்பிடி மட்டிச் சிப்பியும் வாங்கிவருவார். ஆலிவ் எண்ணெய் மளிகைக்கடையில் கிடைக்காது. காதில் விடுவதற்கென்று மருந்துக்கடையில் சிறு புட்டியில் விற்பார்கள். "எந்தக் காது வலிக்குது?" என்று கடைக்காரர் கேட்பார். "ரெண்டும்" என்று சொல்லி நாலு புட்டி வாங்கிக்கொள்வார்.

எண்ணெயில் பூண்டைப் போட்டால் அது சிவக்கக்கூடாது, வேர்க்கவேண்டும். மட்டி தானாக வாய் திறக்கவேண்டும். திறக்காததை வெளியே எறிந்துவிடுவார். இறால் இளஞ்சிவப்பாக வளைந்த அடுத்த கணமே வெந்த ஸ்பகட்டியை அதில் சரித்து, வேகவைத்த தண்ணீரில் ஒரு கரண்டி விட்டு, சட்டியை இரண்டு கையாலும் தூக்கிக் குலுக்குவார். மேலே எலுமிச்சை, சூப்பில் போடும் இலை. அவ்வளவுதான். பளபளவென்று, மணப்பெண் பட்டுடுத்தி உட்கார்ந்த மாதிரி இருக்கும். இத்தனையும் கொல்லைப்புறத்தில், கரி அடுப்பில். அவர் மனைவி கோகிலா அந்தச் சட்டியை வாசற்படி தாண்ட விடுவதில்லை. "சாமி படம் இருக்குற வூட்டுக்குள்ள அதக் கொண்டாந்தீங்க, நான் எங்கண்ணன் வூட்டுக்குப் போயிருவேன்" என்பது நிரந்தர எச்சரிக்கை.

சுதந்திரம் வந்தது. பாடாங் திடலில் கொடி ஏறியபோது மருதமுத்துவும் போய்த் தொண்டை வற்றக் கத்திவிட்டு வந்தார். மூன்றாவது மாதம் துரை பெட்டி கட்டத் தொடங்கினார். அப்போதுதான் இவர் புதுப் பிழைப்பு தேடத் தொடங்கினார். திரும்பவும் பால் வெட்டப் போகலாமென்றால் முட்டி மடங்காது. வேறு வேலையும் தெரியாது. நல்லவேளையாக, துரைமார்கள் காலி செய்துவிட்டுப் போன கிளப்பை நம்மவர்கள் எடுத்து நடத்துவதாகவும், அங்கே சமையலுக்கு ஆள் தேடுவதாகவும் செய்தி வந்தது. புதிய செயலாளர் ஜெயபாலன், சிங்கப்பூரில் படித்தவர், கழுத்துப்பட்டை இல்லாமல் வெளியே வராதவர். "துரமாருங்க சாப்புட்ட அதே தரம் வேணும். உங்க வீட்டுக்கே வந்து சாப்பிட்டுப் பாத்துச் சொல்றேன்" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவி விஜயாவோடு வந்தார். பேச்சுத்துணைக்கு என்னை உட்கார வைத்திருந்தார்கள். மேசை முன் வாசலில். கோகிலா அன்றைக்கு மட்டும் சாமி படத்துக்குத் திரை போட்டுவிட்டு, சட்டி வீட்டு வழியாகப் போக அனுமதி கொடுத்திருந்தார். புருஷனுடைய பிழைப்பாயிற்றே.

கொல்லையில் கரண்டி வேலியைத் தாண்டியது. ஹலீமாவுக்கும் விஷயம் தெரியும். நல்லபடியாக இரண்டு வார்த்தை சொல்லவேண்டுமென்றுதான் நினைத்திருந்தாராம், ஆனால் முகம் பேச்சைக் கேட்கவில்லை. உதடு அன்று சுருண்ட மாதிரி என்றைக்கும் சுருண்டதில்லை. "அண்ணே, தப்பா நெனக்காதீங்க, தண்ணியில வெரல விட்டு நக்குன மாதிரி இருக்கு."

"முருகா!" என்று மருதமுத்து வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

வெள்ளைத் தட்டில் ஸ்பகட்டி வந்து மேசையில் இறங்கியது. ஜெயபாலன் முள்கரண்டியில் லாவகமாகச் சுற்றி வாயில் வைத்தார். மென்றார். மேலுதடு மூக்கை நோக்கி மெல்லச் சுருண்டது.

பழக்கதோஷம், மருதமுத்துவின் முகம் மலர்ந்தது! விஜயாவைப் பார்த்தார். அங்கேயும் அதே உதடு. இன்னும் மலர்ந்தது. "எப்படிங்க ஐயா?" என்று துள்ளாத குறையாகக் கேட்டார்.

"நல்லா... லேசா இருக்கு" என்றார் ஜெயபாலன். தண்ணீர் குடித்தார். விஜயா ஓர் இறாலைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளி, அதை மறுபடி நடுவுக்குத் தள்ளினார். "துரமாருங்க இதத்தான் சாப்பிட்டாங்களா?" என்று சந்தேகத்தோடு கேட்டார்.

அப்போதுதான் மருதமுத்துவுக்கு உறைத்தது. சாப்பிட உட்கார்ந்திருப்பது துரை இல்லை. பத்து வருஷம் காத்த கணக்கு, எதிரில் ஆள் மாறியதும் கவிழ்ந்துவிட்டது. சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுபோய், கண் மட்டும் கலங்கியது. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அதே நேரத்தில் அந்த மனுஷனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. கைக்கு வரவேண்டிய கிளப் வேலை எதிரே எழுந்து போய்க்கொண்டிருந்தது.

"ஐயா, ஒரு நிமிஷம். இன்னும் ஒரு சாமான் போடணும், மறந்துட்டேன்" என்று இரண்டு தட்டையும் பிடுங்காத குறையாக எடுத்துக்கொண்டு ஓடினார். நானும் பின்னாலேயே போனேன்.

வேலியருகில் மூச்சு வாங்க நின்றார். "புள்ள, இது எப்படி இருந்தா நீ திம்பே?"

ஹலீமா இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "பத்து வருசமா இத ஒரு நாளு கேட்டீங்களா அண்ணே?"

"இப்பக் கேக்குறேன்ல?"

அவ்வளவுதான், வேலிச் சந்து வழியாக ஹலீமா இந்தப் பக்கம் வந்துவிட்டார். கையில் காலையில் இடித்த சம்பல்: காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், சுட்ட பெலாச்சான் என்கிற இறால் விழுது. கரண்டியை வாங்கிச் சட்டியில் மிச்சமிருந்த ஸ்பகட்டியில் சம்பலைப் போட்டதும் காஜா பெராங் முழுக்கத் தும்மியது. புளித்தண்ணீர் விட்டார், கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டார். பட்டுடுத்திய மணப்பெண் கண்ணெதிரே சிவந்துபோனாள். குழந்தைக்கு ஊசி போடும்போது தகப்பன் நிற்பதுபோல மருதமுத்து முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். ஆனாலும் முன் வாசலுக்குக் கொண்டுபோய் வைத்தது அவர்தான்.

முதல் வாய் உள்ளே போனது. பிறகு மூக்கு உறிஞ்சும் சத்தம். ஜெயபாலன் கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். இரண்டாவது வாய்க்கு முள்கரண்டியை ஓரமாக வைத்துவிட்டுக் கையைப் போட்டார். விஜயாவின் நெற்றிப்பொட்டு வேர்வையில் கரைந்தது; அதைப்பற்றி அவர் கவலைப்படவில்லை. "இதுதாங்க மருதமுத்து!" என்றார் ஜெயபாலன், உஸ் உஸ்ஸென்று. "முதல் தேதி கெளப்புக்கு வந்துருங்க. இதே கைப்பக்குவம் வேணும், ஆமா."

மருதமுத்து ஒரு கணம் சும்மா இருந்திருக்கலாம். "ஐயா, கைப்பக்குவம் என்னோடது இல்லீங்க, பக்கத்து வூட்டம்மாவோடது" என்றார். கோகிலா கதவுக்குப் பின்னால் தலையில் அடித்துக்கொண்டார்.

"அப்ப முதல் தேதிக்குள்ள கத்துக்குங்க. சட்டியில இன்னும் இருக்கா?"

இல்லை. இரண்டாவது சட்டி வைக்கவேண்டும். கொல்லையில் ஹலீமா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இந்தாங்க அண்ணே, புடிங்க, உங்க அடுப்பு, உங்க கரண்டி" என்று கரண்டியை நீட்டினார். மருதமுத்து அதை வாங்கவில்லை. வலிக்கும் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அடுப்பின் எதிரே குந்தினார், கீழே கிடந்த ஓலை விசிறியை எடுத்தார், ஹலீமாவின் முகத்தைப் பார்க்காமல் கரியை வீசத் தொடங்கினார்.